நியூரம்பர்க் கூண்டும் நம் வீட்டுத் தகரப்பெட்டிகளும்

(நாகப்பட்டினத்தில் வாசகர் வட்ட ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர், ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, அரங்கைத் தந்ததோடு காலையிலிருந்து நாற்காலி எடுத்துப் போடும் வேலையையும் முன்னின்று கவனித்த நூலகர் அம்மையார் அவர்களே, தமிழாசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் மாலை வணக்கம்.

நீதிபதி ஐயாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போவது முறையாகாது. பணியில் இருந்த காலத்தில், வழக்காடி வந்த குடியானவனுக்கே படித்தால் புரியும்படி தீர்ப்புகளைத் தமிழில் எழுதியவர் அவர். போர்க்குற்ற விசாரணை நடந்த இடங்களைப் பற்றிய பேச்சுக்கு அவரைவிடப் பொருத்தமான தலைவர் இந்த மாவட்டத்தில் இல்லை. இரண்டு தலைமுறைப் பிள்ளைகளைப் படிக்க வைத்த நம் நூலகர் அம்மையாருக்கும் இந்த மேடை கடன்பட்டிருக்கிறது.

அழைப்பிதழில் மூன்று ஊர்களைப் போட்டிருக்கிறார்கள். ஜெர்மனியின் நியூரம்பர்க், ஜப்பானில் டோக்கியோ, கம்போடியாவின் புனோம் பென். சர்வாதிகாரம் ஆடிய இடத்தையும் அது கூண்டில் நின்ற இடத்தையும் வழிகாட்டி வைத்து மக்களுக்குக் காட்டும் ஊர்கள் இவை. நான்காவதாக, வழிகாட்டிகளுக்கு என்ன பயிற்சி தர வேண்டும் என்பதையும் பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

என் தந்தையார் இதே ஊரில் ஒரு மண்டியில் கணக்கு எழுதியவர். 'எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது' என்ற பழமொழியை வாய் ஓயாமல் சொல்வார். நியூரம்பர்க்கில் அந்த நீதிமன்ற அறைக்குள் நுழைந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அதுதான்.

முதலில் ஊரின் தெற்கே இருக்கும் மாநாட்டுத் திடலுக்குப் போவோம். 1933 முதல் 1938 வரை ஆண்டுதோறும் ஹிட்லரின் நாஜிக் கட்சியின் மாநாடு அங்கே நடந்தது. கட்டடக் கலைஞர் ஆல்பெர்ட் ஸ்பேர் எழுப்பிய மேடை இன்றும் நிற்கிறது. அதன் உச்சியில் இருந்த சுவஸ்திகாவை 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை வெடி வைத்துத் தகர்த்தது. யூதர்களின் குடியுரிமையைப் பறித்த சட்டங்கள் 1935 செப்டம்பர் 15 அன்று இந்த ஊரில்தான் அறிவிக்கப்பட்டன. 1939-இல் 'சமாதான மாநாடு' என்று பெயர் சூட்டி ஏற்பாடு செய்தார்கள். செப்டம்பர் முதல் தேதி போலந்தின்மீது படையெடுத்ததால் அது நடக்கவே இல்லை.

வழிகாட்டி இல்லாமல் அங்கே போகிறவருக்குத் தெரிவது புல் முளைத்த கல் படிக்கட்டு மட்டும்தான். எங்களை அழைத்துச் சென்ற அம்மையார் ஹிட்லர் நின்ற இடத்தில் எங்களை நிறுத்தவில்லை. எதிரே திடலில் நிற்க வைத்து, பழைய புகைப்படம் ஒன்றைக் கையில் பிடித்துக் காட்டினார். 'நீங்கள் கூட்டத்தில் ஒருவராக இங்கே நிற்கிறீர்கள், உங்கள் வீட்டார் பக்கத்தில் நிற்கிறார்கள், எல்லோர் கையும் மேலே போகிறது, உங்கள் கை என்ன செய்யும்?' என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு கருங்கல்லைப் பற்றிச் சொன்னார். ஹிட்லரின் மாளிகைகளுக்குக் கல் வேண்டும் என்பதற்காகவே, கல்மலை இருக்கும் இடமாகப் பார்த்து 1938-இல் ஃப்ளோசன்பூர்க் வதைமுகாமைத் திறந்தார்கள். கைதிகள் கல்லுடைத்தே செத்தார்கள். அணிவகுப்புக்காகப் போட்ட பெரிய சாலையில் இன்று வணிகக் கண்காட்சிக்கு வருகிறவர்கள் கார் நிறுத்துகிறார்கள். அது சரியான தண்டனை என்றே எனக்குத் தோன்றியது.

இனி நீதிமன்றம். நகரின் மேற்கே, நீதி மாளிகையின் 600-ஆம் எண் அறை. 1945 நவம்பர் 20 அன்று அங்கே நாஜித் தலைவர்கள்மீதான விசாரணை தொடங்கி 1946 அக்டோபர் முதல் தேதி தீர்ப்போடு முடிந்தது. பன்னிரண்டு பேருக்குத் தூக்கு, மூன்று பேருக்கு விடுதலை. வென்றவன் தோற்றவனைச் சுவரில் சாய்த்துச் சுடாமல், விசாரித்து மூன்று பேரை வெளியேயும் விட்டான் என்பதை நீதிபதி ஐயா போன்றவர்கள்தான் முழுதாக மதிப்பிட முடியும். அறை நாம் நினைக்கும் அளவு பெரியதல்ல. கருமரப் பலகை வேய்ந்த சுவர், கனத்த வாசல், அதன்மேல் ஆதாம் ஏவாள் சிற்பம். குற்றவாளிகள் உட்கார்ந்த இடத்துக்குப் பின்னால் ஒரு சிறிய கதவு. அதற்கு அப்பால் மின்தூக்கி. சிறையிலிருந்து அந்த வழியாகத்தான் கோரிங்கையும் ஹெஸ்ஸையும் மேலே கொண்டு வந்தார்கள். மாடியில் 2010 முதல் ஒரு கண்காட்சி இருக்கிறது. அவர்கள் உட்கார்ந்த பெஞ்சின் பகுதிகளை அங்கே வைத்திருக்கிறார்கள். பள்ளி வாங்குபோல சாதாரண மரம்.

இந்த அறையில் நடந்த இன்னொரு வழக்கைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மாணவர்கள் கவனமாகக் கேளுங்கள்.

பெஞ்சமின் ஃபெரன்ஸ் என்று ஓர் இளைஞர். ட்ரான்சில்வேனியாவில் பிறந்து, கைக்குழந்தையாக அமெரிக்காவுக்குக் கொண்டு வரப்பட்டவர். ஏழை வீடு. ஹார்வர்டில் சட்டம் படித்து, படையில் சேர்ந்து, போர் முடிந்ததும் பெர்லினில் நாஜி அலுவலகங்களின் தாள்களைத் துழாவும் குழுவுக்குப் பொறுப்பாளர் ஆனார். ஒருநாள் அவரிடம் வேலை பார்த்தவர் சில கோப்புகளைக் கொண்டு வந்து மேசைமேல் வைத்தார். கிழக்கு முனையில் படைக்குப் பின்னால் போன கொலைக் குழுக்கள் பெர்லினுக்கு அனுப்பிய அறிக்கைகள் அவை. இந்த ஊரில், இந்த நாளில், இத்தனை யூதர் என்று கணக்கு. ஆண் இத்தனை, பெண் இத்தனை, குழந்தை இத்தனை. ஃபெரன்ஸ் ஒரு சிறிய கூட்டல் இயந்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டு எண்களைத் தட்டினார். தட்டினார், தட்டினார், பத்து லட்சத்தைத் தாண்டியதும் நிறுத்திவிட்டார்.

அந்த அறிக்கைகளோடு விமானம் ஏறி நியூரம்பர்க் போய்த் தலைமை வழக்கறிஞர் டெல்ஃபர்ட் டெய்லர் முன் வைத்தார். புதிய வழக்குக்கு ஆளும் இல்லை, பணமும் இல்லை என்றார் டெய்லர். இதை விடக் கூடாது என்று ஃபெரன்ஸ் மன்றாடினார். இருக்கிற வேலையோடு சேர்த்து உன்னால் நடத்த முடியுமா என்று கேட்டார் டெய்லர். முடியும் என்றார். வயது 27. அதற்கு முன் ஒரு வழக்கும் நடத்தியதில்லை. அந்தக் கொலைக் குழுக்களில் சுமார் மூவாயிரம் பேர் இருந்தார்கள். வழக்குத் தொடுத்ததோ 24 பேர்மீது. காரணம் என்ன தெரியுமா? கூண்டில் 24 இருக்கைகள்தான் இருந்தன. படித்தவர்களாக, பெரிய பதவியில் இருந்தவர்களாகப் பார்த்துப் பொறுக்கினார். முதல் ஆள் ஓட்டோ ஓலண்டார்ஃப், பொருளாதாரம் கற்றவர், ஐந்து குழந்தைகளின் தகப்பன். தன் குழு தொண்ணூறாயிரம் பேரைக் கொன்றது என்று முந்தைய விசாரணையிலேயே தன் வாயால் சொன்னவர்.

1947 செப்டம்பரில் வழக்கு எடுக்கப்பட்டது. அரசுத் தரப்பு எத்தனை நாளில் முடித்தது? இரண்டே நாளில்! ஒரு சாட்சியைக்கூடக் கூண்டில் ஏற்றவில்லை. அவர்கள் கையெழுத்திட்ட அவர்களுடைய தாளையே அவர்கள் முன் வைத்தார்கள். தீர்ப்புவரை நின்ற 22 பேருமே குற்றவாளிகள் என்று முடிவாயிற்று. 14 பேருக்குத் தூக்குத் தண்டனை. அதில் நான்கு பேருக்குத்தான் நிறைவேறியது என்பது வேறு கதை. ஃபெரன்ஸ் 103 வயதுவரை வாழ்ந்து 2023-இல் மறைந்தார்.

எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது. எழுதிய கணக்கு எழுதியவனையே கூண்டில் ஏற்றியது.

பெர்லினில் இருக்கும் வான்சே மாளிகையிலும் இதுவே நடந்தது. 1942 ஜனவரி 20 அன்று பதினைந்து அதிகாரிகள் ஏரிக்கரை வீட்டில் கூடி ஐரோப்பிய யூதர்கள் அனைவரையும் ஒழிக்கும் ஏற்பாட்டைப் பேசினார்கள். அந்தக் குறிப்புக்கு முப்பது பிரதிகள் எடுத்தார்கள். மற்றவை மறைந்துவிட, பதினாறாம் எண் பிரதி ஒன்றுதான் 1947-இல் வெளியுறவு அமைச்சகக் கோப்பில் கிடைத்தது. இன்று அந்த வீட்டில் பார்வையாளர்களுக்குக் காட்டுவது அந்தத் தாளின் நகலைத்தான்.

டோக்கியோவில் இச்சிகாயா மேட்டில் விசாரணை நடந்த மண்டபத்தை இன்றும் முன்பதிவு செய்தவர்களுக்குச் சுற்றிக் காட்டுகிறார்கள். இந்திய நீதிபதி ராதாபினோத் பால் அந்த விசாரணையில்தான் மாறுபட்ட தீர்ப்பை எழுதினார். அதைப் பேசினால் இரவு பத்து ஆகிவிடும். கம்போடியாவும் வழிகாட்டிப் பயிற்சியும் அப்படியே. நகர்மன்றத் தலைவர் அவர்கள் அடுத்த நிகழ்ச்சிக்குப் போக வேண்டியவர், எனக்காகக் காத்திருக்கிறார். ஆகவே என் நெஞ்சில் இருப்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அதே போரில் நம் ஆட்கள் செத்தார்கள். 1942-43-இல் சயாம் என்ற தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஜப்பானியப் படை மலாயாவின் ரப்பர் பால்மரத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஆயிரக்கணக்கில் பிடித்துப் போனது. காலராவும் மலேரியாவும் பட்டினியும் அடியுமாக மடிந்தார்கள். சயாம் மரண ரயில் என்றால் மலேசியத் தமிழர் வீடுகளில் இன்றும் பேச்சு நின்றுவிடும்.

தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குச் சுற்றுலாப் போகிறவர்களுக்கு அங்கே போர்க்கைதிகள் கல்லறையைக் காட்டுவார்கள். ஏறத்தாழ ஏழாயிரம் கல், பெரும்பாலானவற்றில் பெயர், படைப்பிரிவு, வயது. வேலை செய்த போர்க்கைதிகள் அறுபதாயிரத்துக்கு மேல், இறந்தவர்கள் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் என்று சொல்ல முடிகிறது. ஏன்? முகாமுக்குள் உயிரைப் பணயம் வைத்துப் பட்டியலை ஒளித்து வைத்தார்கள். போர் முடிந்ததும் ஒரு குழு பாதை நெடுகச் சென்று கல்லறைகளைத் தேடியது. ஆசியத் தொழிலாளர்களோ இரண்டு லட்சம் பேர் இருக்கலாம் என்கிறார்கள். இறந்தவர் எண்ணிக்கை நூலுக்கு நூல் பல்லாயிரம் மாறுகிறது. பல்லாயிரம் உயிர் கூடவும் குறையவும் இருப்பதற்கு அது நெல் மூட்டையா? அவர்களுக்குப் பட்டியல் எழுத ஆள் இல்லை. சிங்கப்பூரில் 1946 முதல் மரண ரயில் வழக்குகள் நடந்தன. அங்கே போய்த் தன் அண்ணன் பெயரைச் சொல்ல நாகையிலிருந்தோ மன்னார்குடியிலிருந்தோ யாரால் முடிந்தது?

அவர்களில் எத்தனையோ பேர் கப்பல் ஏறியது இந்தத் துறைமுகத்தில். ரஜூலா கப்பலைப் பற்றிப் பாட்டி சொல்லக் கேட்டவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பீர்கள். மலாயாவுக்குப் போன பெரியப்பா, 1941-க்குப் பிறகு கடிதமே வராத மாமா, திதி தெரியாததால் ஆடி அமாவாசையில் படையல் போடும் வீடுகள் இந்த மாவட்டத்தில் இருக்கின்றன. அந்த வீட்டுப் பரண்மேல் தகரப்பெட்டி இருக்கும். பெட்டியில் பணம் அனுப்பிய மணியார்டர் ரசீதோ, தோட்டத்தின் பெயர் போட்ட உறையோ, தோட்டத்துக் கணக்கரான கிராணி எழுதிக் கொடுத்த சீட்டோ கிடக்கும். வெள்ளையடிக்கும்போது அவற்றைப் பழைய பேப்பரோடு எடைக்குப் போடுகிறோம். நெஞ்சு பதறுகிறது ஐயா.

நூலகர் அம்மையார் பெரிய மனதோடு இசைந்திருக்கிறார்கள். நாளை திங்கட்கிழமை முதல் நூலகத்தின் முன் மேசையில் ஒரு பதிவேடு இருக்கும். போனவர் பெயர், தகப்பனார் பெயர், ஊர், ஏறக்குறைய எந்த ஆண்டு கப்பல் ஏறினார், எந்தத் தோட்டம், கடைசிக் கடிதம் எப்போது வந்தது என்று ஆறு கட்டங்கள். தெரியாததை வெறுமையாக விடுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம். கடிதத்தைக் கொடுத்துவிட வேண்டியதில்லை. அங்கேயே படம் எடுத்துக்கொண்டு உங்கள் கையிலேயே திருப்பித் தருவார்கள். நடக்க முடியாத பெரியவர்கள் இருந்தால் வாசலில் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் இருவர் இருவராக வீட்டுக்கே வந்து எழுதிக்கொள்வார்கள். நன்றி, வணக்கம்.