அளவுகோல் யார் கையில்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘நபர்மையச் சிகிச்சை பெண்ணியத்துக்குத் துணையா, தடையா?’ என்பது தலைப்பு. வந்தவருக்கு அறிவுரையோ தீர்ப்போ சொல்லாமல், அவரையே மையமாக வைத்துக் காது கொடுக்கும் மனநலச் சிகிச்சை அது. துணைதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தோழி கேட்டார்: “கொடுமை வெளியே நடக்கிறது. பெண்ணை மட்டும் உட்கார வைத்து உன் மனசுக்குள் பார் என்றால் என்ன நியாயம்?” நல்ல கேள்வி, நானும்தான் கை தட்டினேன்.

சரி, உள்ளே பார்த்தால் அங்கே யார் இருக்கிறார்கள்? அடங்கிப் போனால்தான் நல்ல மகள், விட்டுக்கொடுத்தால்தான் நல்ல மனைவி என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவர்கள் அத்தனை பேரும் அங்கேதான் குடியிருக்கிறார்கள். இந்தச் சிகிச்சையை உருவாக்கிய அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் இதை ‘மதிப்புக்கான நிபந்தனைகள்’ என்றார். அன்பு கிடைக்க வேண்டுமே என்று குழந்தை அவற்றை விழுங்கிவிடுகிறது. வளர்ந்தபின் அதையே தன் சொந்தக் குரல் என்று நம்புகிறது. நிபந்தனை போடாமல் சிகிச்சையாளர் காது கொடுத்துக் கேட்கும்போதுதான் ‘இது என் குரல் இல்லையே’ என்று அவளுக்குப் பிடிபடுகிறது. இது அரசியல் இல்லையா?

1970-இல் ‘தனிப்பட்டதே அரசியல்’ என்ற தலைப்பில் வெளியான கட்டுரையில் அமெரிக்கப் பெண்ணியவாதி கரோல் ஹானிஷ், பெண்கள் கூடிப் பேசுவது சிகிச்சை அல்ல என்றார். எதிரணி எடுத்துக் கொடுக்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன்! ஆனால் அவர் மறுத்தது எதை? ஒருத்தியை நோயாளி என்று முடிவுகட்டி மருந்து தேடும் சிகிச்சையை. ரோஜர்ஸோ 1942-லேயே ‘நோயாளி’யைக் கைவிட்டு ‘கிளையண்ட்’, அதாவது உதவி நாடி வருபவர், என்று எழுதியவர்.

அதே 1970-இல் அமெரிக்க உளவியலாளர் ப்ரோவர்மன் குழுவின் ஆய்வும் வந்தது. ஆரோக்கியமான ஆண், பெண், பொதுவாக மனிதர் எப்படி இருப்பார் என்று 79 மனநல நிபுணர்களைக் கேட்டார்கள். ஆணும் மனிதரும் ஏறக்குறைய ஒன்றாக வந்தார்கள். பெண் மட்டும் தனியாக நின்றாள். நிபுணரின் அளவுகோலே கோணல். அதை நிபுணர் கையிலிருந்து வாங்கி, வந்தவள் கையில் கொடுத்தது எந்தச் சிகிச்சை?

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கிறேன். 1957-இல் ரோஜர்ஸ், சிகிச்சை உறவில் இருக்க வேண்டியவை என்று ஆறு அம்சங்களைச் சொல்லி, மனமாற்றத்துக்கு இவை தேவை, இவையே போதும் என்றார். அந்த ‘போதும்’ கொஞ்சம் அவசரம். அடி வாங்குகிறவளுக்குச் சட்டமும் வேண்டும், தங்க இடமும் வேண்டும். ஆனால், கிளம்புவதா வேண்டாமா என்று அவளையே முடிவெடுக்க விடும் இடமும் வேண்டும். அதை வேறு எங்கே தருவீர்கள் என்று அடுத்துப் பேச வரும் தோழி சொல்லட்டும். நன்றி, வணக்கம்.