படைவிலக்கம், படைநீக்கம், வாபஸ்: எல்லாம் ஒண்ணா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க: "மலையாளச் செய்தியில 'சேனயெ பின்வலிச்சு'ன்னு சொல்றாங்க. தமிழ்ப் பேப்பர்ல படைவிலக்கம், படைநீக்கம், வாபஸ்னு வருது. எல்லாம் ஒண்ணா?"

இல்லம்மா. முதல்ல உங்க ஊர்ச் சொல்லையே எடுத்துக்குவோம். வலிக்கிறதுன்னா இழுக்கிறது. துடுப்பு வலிக்கிறதுன்னு சொல்றோமே, அந்த வலி. மத்தபடி தமிழ்ப் பேச்சுல இழுவை தேஞ்சு நோவுதான் மிஞ்சிச்சு. மலையாளத்துல இழுவை அப்படியே இருக்கு. படை தானா நகர்ந்தா 'பின்வாங்ஙி', மேலிடம் திருப்பி அழைச்சா 'பின்வலிச்சு'. ரெண்டுக்கும் தனித்தனிச் சொல்.

தமிழ்ல 'பின்வாங்கினர்'னு எழுதினா தோத்து ஓடின வாடை அடிக்கும். 1990 மார்ச்சுல இந்திய அமைதிப்படை இலங்கையை விட்டு வந்ததை அப்படி எழுதிப் பாருங்க, செய்தியே மாறிடும். அந்த இடத்துக்கு 'வாபஸ்' உதவுது. அது பாரசீகச் சொல், உருது வழியா வந்தது. அதுல 'பஸ்'னாலும் பின்னாடிதான்! (நம்ம டவுன் பஸ் இல்ல.) தமிழ்லயே வேணும்னா விலகு, விலக்கு இருக்கு: படை விலகியது, அரசு படையை விலக்கியது. இதுதான் படைவிலக்கம்.

படைநீக்கம் வேற: ஒரு இடத்தைப் படையே இல்லாத இடமா ஆக்கறது. இங்க செயப்படுபொருள் படை இல்ல, இடம். 'எதை?'ன்னு கேளுங்க. 'படையை'ன்னு பதில் வந்தா விலக்கம், 'அந்தப் பகுதியை'ன்னு வந்தா நீக்கம். இங்கிலீஷ்ல டீமிலிட்டரைஸ்: லத்தீன்ல 'மிலெஸ்'னா படைவீரன், முன்னால நிக்கிற 'டீ' களையறதைக் குறிக்கும்.

வித்தியாசம் எங்க உறைக்கும்னா, விலக்கின படையை அரசு நினைச்சா மறுபடி அனுப்பலாம். படைநீக்கம் பண்ணின இடத்துல அது ஒப்பந்த மீறல். 1919 வெர்சாய் ஒப்பந்தப்படி ரைன் ஆத்துக்கு மேற்கே முழுசும், கிழக்கே 50 கிலோமீட்டரும் ஜெர்மனி படை வைக்கக் கூடாது. 1936 மார்ச் 7 ஹிட்லர் படையை உள்ள அனுப்பினார், அது மீறல்.

கொரியாவுல 1953 ஜூலை 27 போர்நிறுத்தம். வடக்கையும் தெற்கையும் பிரிக்கிற கோட்டுக்கு இந்தப் பக்கம் 2 கிலோமீட்டர், அந்தப் பக்கம் 2, படை இருக்கக் கூடாது. இதைச் சிலர் 'படைகள் வாபஸான எல்லை'ன்னு மொழிபெயர்த்துடறாங்க. தப்பு. அந்த 4 கிலோமீட்டர் பட்டைதான் படைநீக்கம் ஆனது. அதுக்கு வெளிய ரெண்டு பக்கமும் பட்டாளம் குவிஞ்சு கிடக்கு. பட்டைக்குள்ளயே கண்ணிவெடி இருக்கு.

இன்னொண்ணு, பழந்தமிழ்ல படைன்னா ஆயுதமும்தான். அதுக்காக ஆயுதக் களைவைப் படைநீக்கம்னு எழுதிடாதீங்க.