"எப்படி வளர்த்தே?" என்று கேட்பதற்கு முன்னால்

வணக்கம். நாற்காலி போதாமல் பின்னால் நிற்பவர்கள் முன்னே வந்து பாயில் உட்காருங்கள். இது கோர்ட் இல்லை, பயப்பட வேண்டாம்.

பைக் திருட்டில் பிள்ளை மாட்டிக்கொண்டான் என்று தெரிந்ததும் அம்மாதான் முதலில் ஸ்டேஷனுக்கு ஓடுகிறாள். அங்கே ஏட்டு கேட்கிறார், தெருவில் பக்கத்து வீட்டுக்காரி கேட்கிறாள், வீட்டுக்கு வந்தால் புருஷனும் கேட்கிறான்: "எப்படி வளர்த்தே?" அப்பனிடம் இதை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. குற்றத்தில் மாட்டிய சிறுவர்களின் வழக்கை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் நான் உறுப்பினராக இருந்தபோது, என் நாக்கு நுனி வரைக்கும் அந்தக் கேள்வி வந்திருக்கிறது. விழுங்கியிருக்கிறேன்.

2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, 18 வயது நிரம்பாதவனை லாக்கப்பில் வைக்கவே கூடாது. பிடித்த 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் போக, குழுமத்தின் முன் கொண்டுவர வேண்டும். பெற்றோருக்குத் தகவல் சொல்ல வேண்டும். குழுமத்தில் ஒரு நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள்; அந்த இருவரில் ஒருவராவது பெண். வக்கீலுக்குக் காசு இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வைத்துத் தரும், 15100க்குப் போன் செய்தால் போதும். கம்மலை அடகு வைத்துப் புரோக்கரிடம் கொடுத்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு அழுதவர்கள் எத்தனையோ பேர்.

அப்புறம் ஜாமீன். பெரியவர்களுக்கு எளிதில் கிடைக்காத குற்றமாக இருந்தாலும், சிறுவனை வெளியே விடுவதுதான் விதி. மறுக்க மூன்றே காரணங்கள். தெரிந்த குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே ஆபத்து வரும், நீதியின் நோக்கம் கெடும். முதல் இரண்டும் எதைப் பார்த்து முடிவாகும்? வீட்டைப் பார்த்துத்தான்.

அந்த வீட்டைப் பற்றி நன்னடத்தை அலுவலர் இரண்டு வாரத்துக்குள் அறிக்கை தர வேண்டும். பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். அலுவலர் வந்து உட்கார்ந்ததும் அம்மா சொல்வாள்: "தங்கமான பையன் சார், சேர்க்கைதான் சரியில்லை." எட்டு மாதமாக அவன் பள்ளிக்கூடம் போகாததையும், இரவில் போதை மாத்திரை போடுவதையும், அப்பன் பெல்ட்டால் அடிப்பதையும் சொல்ல மாட்டாள். இதையும் போலீஸ் விசாரணை என்று நினைத்துப் பயப்படுகிறாள். பாவம், வேறு மாதிரி நினைக்க யாரும் சொல்லித் தரவில்லை. அறிக்கையில் 'குடும்பம் நல்லது' என்று வரும், பையன் அதே வீட்டுக்கு, அதே கூட்டாளிகளிடம் திரும்புவான். அவள் உண்மையைச் சொல்லியிருந்தால் போதை மீட்பு சிகிச்சைக்கும் தொழிற்பயிற்சிக்கும் பெற்றோருக்கான ஆலோசனைக்கும் குழுமம் உத்தரவிட்டிருக்கலாம். அதற்கெல்லாம் சட்டத்திலேயே இடம் இருக்கிறது.

கூலி விஷயம் ஒன்று. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகும். மூன்றாவது வாய்தாவுக்கு அப்பா வரவில்லை என்றால் 'அக்கறை இல்லாத குடும்பம்' என்று பெயர் வாங்கிவிடுவார்கள். பெற்றோருக்கு அபராதம் போடவும் நம் சட்டம் இடம் தருகிறது. இங்கிலாந்தில் 1998இல் வந்த ஒரு சட்டப்படி, பிள்ளை வளர்ப்பு வகுப்புக்குப் போகச் சொல்லிக் கோர்ட் பெற்றோருக்கு உத்தரவு போடலாம், மீறினால் அபராதம். வகுப்பு நல்லதுதான். தண்டனைக்குப் பயந்து வந்து உட்காருபவள் அதில் வாய் திறப்பாளா என்பதுதான் எனக்குச் சந்தேகம்.

இன்னும் கேஸ் வராத வீடுகளும் இருக்கின்றன. காசு தராமலேயே பிள்ளை கையில் புது செல்போன் இருப்பதை முதலில் பார்ப்பவள் அம்மா. அப்பனிடம் சொன்னால் அடிப்பான் என்று மூடி வைக்கிறாள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098க்குப் போன் செய்து பேசலாம்.

இங்கே சுயஉதவிக் குழுவில் உள்ளவர்களிடம் ஒன்று கேட்கிறேன். லோன் விஷயமாக பேங்குக்கு எத்தனை பேர் சேர்ந்து போகிறீர்கள்! அந்த அம்மாவோடு வாய்தாவுக்கு ஒருவர் போக முடியாதா? உள்ளே போக வேண்டாம், வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் போதும். தெருவில் அவன் பேர் பரவாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பத்திரிகைகூட அந்தப் பேரைப் போடக் கூடாது.

சரி, கூட்டம் முடிந்ததும் டீ உண்டு. நான் கடைசி டம்ளர் வரை இங்கேயேதான் இருப்பேன். தனியாகப் பேச வேண்டியவர்கள் வாருங்கள், பேர்கூடச் சொல்ல வேண்டாம்.