கோபம் வீதியில் வரும், மனு எங்கே வரும்?

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, வணக்கம்.

"இளைஞரைக் குடிமக்களாக்குவது வகுப்பறையா, வீதியா?" என்பது தலைப்பு. வீதியே என்று பேசி அமர்ந்த எதிரணித் தலைவர், "கையில் செல்போன் இருக்கு, கண் முன்னால குண்டும் குழியுமா ரோடு இருக்கு, இதுக்கு மேல குடிமையியல் பீரியட் எதுக்கு?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். குழி இருப்பதை வீதி காட்டும், ஒப்புக்கொள்கிறேன். அந்த ரோடு யாருடையது என்று வீதி சொல்லுமா? ஊராட்சியுடையதா, ஒன்றியத்துடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா? ஒரே ஊரில் மூன்றும் குறுக்கும் நெடுக்கும் ஓடும். இது தெரியாதவர் தெருவிளக்குக்கு எம்.பி.யைத் திட்டுவார். எம்.பி.யும் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார், ஏனென்றால் அது அவர் வேலையே இல்லை!

சரி, கோபம் வந்த பையன் அடுத்து என்ன செய்வான்? தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 என்று எங்கோ கேள்விப்பட்டிருப்பான். "எங்கள் தெருவுக்கு ஏன் ரோடு போடவில்லை?" என்று எழுதிப் போடுவான். "தாங்கள் கோரியது தகவல் என்ற வரையறைக்குள் வராது" என்று பதில் வரும். சட்டமே ஏமாற்று வேலை என்று அவன் முடிவு கட்டிவிடுவான். அவனைக் கவிழ்த்தது சட்டமல்ல, 'ஏன்' என்ற ஒற்றைச் சொல். அந்தச் சட்டத்தில் தகவல் என்றால் கோப்பில் இருப்பது, அதிகாரியின் மனதில் இருப்பதல்ல. ஆகவே கேள்வியை இப்படித் திருப்ப வேண்டும்: "இன்ன தெருவுக்கு 2023-24 நிதியாண்டில் ஒதுக்கிய தொகை எவ்வளவு? பணி ஆணையின் நகலும், செய்த வேலையை அளந்து குறித்து வைக்கும் அளவீட்டுப் புத்தகத்தில் அந்த வேலைக்குரிய பக்கங்களின் நகலும் தேவை." 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். எதற்காகக் கேட்கிறாய் என்று விசாரிக்க அவருக்கு உரிமை கிடையாது. 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் பலனில்லையென்றால் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். கெடு தாண்டினால் தாமதத்துக்குச் சமாதானம் சொல்லிக் கெஞ்ச வேண்டிவரும். இதைப் பிளஸ் ஒன் மாணவருக்கு ஒரே பீரியடில் எழுதிக் காட்டலாம். எந்த வீதி இதைச் சொல்லித் தருகிறது?

"செல்போன் சொல்லித்தரும்" என்கிறார்கள். செல்போன் சொல்லித் தந்ததைப் பார்ப்போமா? 2019 தேர்தலின்போது ஒரு வாட்ஸ்அப் செய்தி நாடெங்கும் சுற்றியது. பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் ஆதாரைக் காட்டி 'சேலஞ்ச் ஓட்டு' போடலாமாம், டெண்டர் ஓட்டு, அதாவது தன் பெயரில் வேறொருவர் ஓட்டுப் போட்டுவிட்டதால் உண்மையான வாக்காளர் தனிச் சீட்டில் போடும் ஓட்டு, 14 சதவீதம் தாண்டினால் மறுவாக்குப்பதிவாம். இரண்டுமே பொய். சேலஞ்ச் என்பது, வந்தவர் உண்மையான வாக்காளர்தானா என்று வாக்குச்சாவடி முகவர் 2 ரூபாய் கட்டி ஆட்சேபிப்பது. பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு எந்த அட்டையும் உதவாது. பட்டியலோ வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளோடு பூட்டப்பட்டுவிடும். வாக்குப்பதிவு நாளில் வாசலில் நின்று கத்தினால் திறக்காது. நோட்டா ஜெயித்தால் மறுதேர்தல் என்ற கதையும் அப்படித்தான். 2013 முதல் அந்தப் பொத்தான் இருக்கிறது. சட்டமன்றத் தேர்தலில் அதற்கே அதிக ஓட்டு விழுந்தாலும் வேட்பாளர்களில் முதலில் நிற்பவர் ஜெயித்துவிடுவார்.

பட்டியலில் சேர வழி எளிது. படிவம் 6. தகுதி நாள் ஜனவரி 1 மட்டும்தான் என்று இன்னும் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இப்போது ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று நான்கு உண்டு. 17 வயது முடிந்தவர் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். 17 வயதில் பிள்ளை எங்கே இருக்கிறான் நடுவர் அவர்களே? வகுப்பறையில்! படிவத்தை அங்கேயே கொடுக்காமல் வீதியில் தேடச் சொல்வது என்ன நியாயம்?

எதிரணி ஒரு குறையைச் சரியாகத்தான் சொன்னது: பாடம் மனப்பாடமாகிவிட்டது. உண்மை. நம் சமூக அறிவியல் புத்தகத்தில் வரலாறும் புவியியலும் முடிந்த பிறகுதான் குடிமையியல் தலைகாட்டுகிறது. அதற்குள் தேர்வு வந்துவிடும். அடிப்படைக் கடமைகள் எத்தனை என்றால் பதினொன்று என்று ஒரு மதிப்பெண் வாங்கிவிட்டுப் போய்விடுகிறான். 1976-இல் பத்து, 2002-இல் ஒன்று கூடியது, ஏன் கூடியது என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் மருந்தைத் தப்பாகக் கொடுத்தார்கள் என்பதற்காக மருந்தே வேண்டாம் என்பீர்களா? கிராம சபைக்குக் கூட்டிப்போங்கள். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆனால் போவதற்கு முந்தைய நாள் வகுப்பில் ஒரு வரவு செலவு அறிக்கையைப் பிரித்து வாசித்துப் பழக வேண்டும். இல்லாவிட்டால் அங்கே வாசிக்கிற தொகைகள் காதில் விழும், தலையில் ஏறாது.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒரே ஒரு கேள்வி வைத்துவிட்டு அமர்கிறேன். உங்கள் ஓட்டை வேறொருவர் போட்டுவிட்டுப் போனபின் நீங்கள் போடுகிற டெண்டர் ஓட்டு, எண்ணிக்கை நாளில் எண்ணப்படுமா, படாதா? செல்போனை எடுக்காமல் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.