ஒன்றாம் கேட்டை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள்

வணக்கம் மக்களே! கோலாலம்பூர் பக்கத்தில் சுங்கை பெசி குதிரைப் பந்தயத் திடலில் இருக்கிறேன். அடுத்த ரேஸுக்கு நேரம் இருக்கிறது, அதற்குள் கேட் நம்பரைப் பற்றிப் பேசிவிடலாம்.

குதிரையின் சேணத் துணியில் தெரியும் எண் வேறு, அது புறப்படும் கேட்டின் எண் வேறு. கேட் குலுக்கலில் விழுவது. புதிதாக வருகிறவர்கள் இரண்டையும் குழப்பிக்கொண்டு டிக்கெட் எடுப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது.

ஒன்றாம் கேட்தான் உள்வேலிக்கு மிக அருகில். அந்த உள்பக்கக் கேட்டில் என்ன லாபம்? அரைவட்ட வளைவில் வேலியை விட்டு ஒரு மீட்டர் தள்ளி ஓடினால், 3.14 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். வளைவு பெரிதானாலும் சிறிதானாலும் இதே கணக்குதான். இரண்டு மீட்டர் தள்ளினால் ஆறு மீட்டருக்கு மேல். ஒரு குதிரை நீளம் சுமார் 2.4 மீட்டர், ஆக இரண்டரை நீளம் போச்சு! மூக்கு நுனியில் முடிவாகிற ரேஸில் இது சின்ன விஷயமா?

அதற்காக எல்லா இடத்திலும் ஒன்றாம் கேட் ராசியானது இல்லை. இங்கிலாந்தில் செஸ்டர் திடலின் சுற்று 1.7 கிலோமீட்டர்கூட வராது, ஓயாமல் வளைவுதான். அங்கே குறுகிய தூர ரேஸில் உள்கேட்டுக்குப் பெரிய மதிப்பு. அமெரிக்காவின் கென்டக்கி டெர்பியில் 20 குதிரைகள் வரை ஓடும். வெளியே இருப்பவை உள்ளே சாயும்போது ஒன்றாம் கேட் குதிரை வேலியோரம் நெருக்கப்படும். 1986-இல் ஃபெர்டினாண்ட் ஜெயித்ததுதான், அதன் பிறகு 2025 வரை அந்தக் கேட்டிலிருந்து வேறு குதிரை ஜெயிக்கவில்லை. மெல்பர்ன் கப் 3200 மீட்டர், முதல் வளைவுக்கு முன் நீண்ட நேர்த்தடம். வெளிக்கேட் குதிரையும் நிதானமாக உள்ளே வந்துவிடலாம்.

ஆகவே முதல் வளைவு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் குதிரையின் ஓட்டம். முன்னால் ஓடிப் பழகிய குதிரைக்கு வெளிக்கேட் விழுந்தால், இடம் பிடிக்கவே பாதித் தெம்பு போய்விடும். பின்னால் பதுங்கி வரும் குதிரைக்கு உள்கேட் விழுந்தால், கடைசி 400 மீட்டரில் வழி கிடைக்காமல் மாட்டிக்கொள்ளும்.

மழையையும் மறக்காதீர்கள். கேஎல் (கோலாலம்பூர்) மழை தெரியும்தானே? வேலியோரப் புல் மிதிபட்டுக் குழைந்துவிட்டால், ஜாக்கிகளே குதிரையை வெளியே நகர்த்துவார்கள்.

விலைக்கு, அதாவது ஜெயித்தால் எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு வருவோம். டோட் என்ற பந்தய முறையில் எல்லோர் பணமும் ஒரே குவியல், ஜெயித்தவர்கள் பங்கு போடுகிறார்கள். ஒன்றாம் கேட் எல்லோர் கண்ணிலும் படும், எல்லோரும் அதில் கொட்டினால் கிடைப்பது சொற்பம். நான் தேடுவது வேறு. போன தடவை வெளிக்கேட்டில் புறப்பட்டு, வளைவு முழுக்க வேலியை விட்டுத் தள்ளி ஓடியும் நாலாவதாக வந்த குதிரைக்கு இன்று மூன்றாம் கேட் விழுந்திருக்கிறதா? போன தடவை எத்தனையாவதாக வந்தது என்பதை மட்டும் பார்க்கிறவர்கள் அதை ஒதுக்கிவிடுவார்கள். விலை நன்றாக இருக்கும்.

பினாங்கு 2025-இல் ரேஸை நிறுத்திவிட்டது. தீபகற்ப மலேசியாவில் நமக்கு மிச்சம் கேஎல்லும் ஈப்போவும்தான். இந்த இரண்டு திடல்களின் வளைவுகளையாவது மனப்பாடமாகத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் சில ரேஸ்களில் ஜெயித்தவை வேலியோரம் வந்தனவா, நடுவில் வந்தனவா என்று ரேஸ் புக் ஓரத்தில் குறித்துவிட்டு, அதன் பிறகு டிக்கெட் எடுங்கள். சரி, குதிரைகள் பேடாக்குக்கு (ரேஸுக்கு முன் குதிரைகளைச் சுற்றிக் காட்டும் இடம்) வருகின்றன, கேமராவைத் திருப்புகிறேன்.