சுவரில் விழுந்த கையெழுத்து

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, கூடத்தைக் கொடுத்து உதவிய நூலகர் அம்மா அவர்களே, ஆயிரம் வேலைக்கு நடுவிலும் வந்திருக்கும் வார்டு உறுப்பினர் அவர்களே, புரொஜெக்டர் இரண்டு தடவை மக்கர் செய்தும் முகம் சுளிக்காத தம்பி அவர்களே, எல்லாருக்கும் வணக்கம். செயலாளர் போர்த்திய பொன்னாடையை மடியில் வைத்துக்கொள்கிறேன். புழுக்கம், கோபிக்க வேண்டாம்.

இப்போது பார்த்தது, 1960-இல் ரெனே கிளெமான் எடுத்த 'பிளேன் சொலேய்' என்ற பிரெஞ்சுப் படம். உச்சி வெயில் என்று சொல்லலாம். பட்ரீஷியா ஹைஸ்மித்தின் 1955 நாவல்தான் மூலம். நட்பு, மயக்கம், கையெழுத்து என்று மூன்றைப் பற்றிப் பேசுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார் என் பாட்டி. பணக்காரப் பையன் பிலிப்பை இத்தாலியிலிருந்து ஊருக்குக் கூட்டிவந்தால் 5000 டாலர் என்ற பேச்சில் வந்தவன் டாம். பிலிப்புக்கு அவன் நண்பனும் எடுபிடியும். பிலிப் விளையாட்டாக அவனைப் படகிலிருந்து சின்ன ஓடத்தில் இறக்கிவிடுகிறான். கயிறு விட்டுப்போய், டாம் வெயிலில் தோல் வெந்து கிடக்கிறான். அப்புறம் சீட்டாடும்போது, என்னைக் கொன்றால் என் பணத்தை எப்படி எடுப்பாய் என்று பிலிப்பே கேட்கிறான். டாம் ஒளிக்காமல் சொல்கிறான். 'தொழுதகை யுள்ளும் படையொடுங்கும்' என்றார் வள்ளுவர். இங்கே படை ஒடுங்கக்கூட இல்லை, வாயாலேயே சொல்லிவிட்டு வருகிறது.

சொன்னபடியே டாம் பிலிப்பைக் கொல்கிறான். அந்தக் கொலையைவிட என்னை உலுக்கியது, பணத்தை எடுப்பதற்காகப் பிலிப்பின் கையெழுத்தைச் சுவரில் பெரிதாக விழவைத்து டாம் எழுதிப் பழகும் காட்சி. விரல் இல்லை, தோளிலிருந்து முழுக்கையும் அசைகிறது. முப்பது வருஷம் வங்கிக் கவுண்ட்டரில் மாதிரிக் கையெழுத்து அட்டையோடு குப்பை கொட்டியவன் நான். எனக்கு வேர்த்துவிட்டது.

எங்கள் கிளையில் அரிசிக்கடை அண்ணாச்சி ஒருவர். அவர் கடையில் ஒரு நண்பர் தினமும் வந்து உட்காருவார், ஒரே காபியை இரண்டு டம்ளரில் ஆற்றிக் குடிப்பார்கள். அண்ணாச்சி காசிக்குப் புறப்பட்டபோது, சரக்குக்குத் தேவைப்படும் என்று ஐந்து காசோலைகளில் வெறும் கையெழுத்துப் போட்டு நண்பரிடம் கொடுத்தார். ஐந்தும் என் கவுண்ட்டருக்குத்தான் வந்தன. அட்டையோடு ஒப்பிட்டேன், சுழி மாறவில்லை. பணம் கொடுத்தேன். திரும்பி வந்தவர் பாஸ்புத்தகத்தை நீட்டி, "தம்பி, இதையெல்லாம் யார் எடுத்தது?" என்றார். "நீங்கதான் அண்ணாச்சி" என்றேன். வேறு என்ன சொல்ல? கொஞ்ச நேரம் நின்றார். பையைத் திறந்து இரண்டு கங்கைச் சொம்புகளை மேஜைமேல் வைத்தார். "ஒண்ணு அவனுக்குன்னு வாங்கினது. நீங்க வச்சுக்கோங்க." இன்றும் என் வீட்டுப் பூஜை அலமாரியில் இருக்கிறது. ஆழம் தெரியாமல் காலை விடாதே!

மயக்கம் பற்றி, பிலிப்பின் காதலி மார்ஜ் எப்படி டாமை நம்பினாள் என்று விரிவாகச் சொல்ல நினைத்தேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சரி, இன்னொரு நாள்.

விஷயத்துக்கு வருகிறேன். பிளஸ் டூ முடிப்பதற்குள் ஒவ்வொரு பிள்ளைக்கும் காசோலை, ஜாமீன் கையெழுத்து, வெற்றுப் பத்திரம் பற்றிப் பள்ளியிலேயே சொல்லித்தர வேண்டும். நான்கு வருஷமாகக் கேட்டுவருகிறேன். வார்டு உறுப்பினர் கையிலேயே இன்று மனுவைக் கொடுத்துவிடலாம். வாசல் மேஜையில் இருக்கிறது, எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். அதன் இரண்டாம் பக்கம் மட்டும் ஜெராக்ஸ் கடையிலிருந்து இன்னும் வரவில்லை. அது வந்ததும் படித்துவிட்டுப் போடுங்கள். அதுவரை டீ இருக்கிறது.