செருப்பல்ல ஐயா, தழும்பு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

அமெரிக்கர்கள் சிலர் ஐரோப்பிய முடியாட்சி மரபை நாடுவது பகட்டு மோகத்தாலா, மனத்தின் தேவையாலா? தேவையால்தான் என்று பேச வந்தேன். ஆனால் எதிரணித் தலைவர் போகிற போக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார்: "வேண்டாம் என்று கழற்றி எறிந்த செருப்பைத் தேடி எடுத்து மாட்டிக்கொள்கிறார்கள்." நீங்களும் கைதட்டினீர்கள். அதற்குப் பதில் சொல்லாமல் நான் நகரப்போவதில்லை.

எறிந்தார்களா ஐயா? எப்படி எறிந்தார்கள் என்று கேளுங்கள்.

1776 ஜூலை 9. நியூயார்க்கில் பௌலிங் கிரீன் என்ற இடம். சுதந்திரப் பிரகடனம் வாசிக்கக் கேட்ட கூட்டம் அங்கே ஓடுகிறது. அதுவரை அவர்களை ஆண்ட பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் அங்கே குதிரைமேல் வீற்றிருக்கிறார். ஈயச் சிலை, மேலே தங்க முலாம். கயிறு கட்டி இழுக்கிறார்கள். மன்னர் விழுகிறார்; குதிரையும் விழுகிறது. ஈயத்தைக் கனெக்டிகட்டில் உள்ள லிட்ச்ஃபீல்டுக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் அதை உருக்கித் துப்பாக்கிக் குண்டுகளாக வார்க்கிறார்கள். எத்தனை குண்டுகள்? 42,088! ஏறத்தாழ நாற்பதாயிரம் என்று விட்டார்களா? இல்லை. யார் வார்த்தது எத்தனை என்று பெயர் போட்டுக் கணக்கு எழுதி வைத்தார்கள். அந்த எண்பத்தெட்டைப் பாருங்கள் ஐயா! எறிகிற செருப்பை எவராவது எண்ணிக் கணக்கு எழுதுவாரா?

குதிரை என்ன ஆயிற்று? அதன் வால் இன்றும் நியூயார்க் வரலாற்றுச் சங்கத்தில் பத்திரமாக இருக்கிறது. வால், ஐயா, வால்! சிலையைச் சுற்றியிருந்த இரும்பு வேலியும் அதே இடத்தில் நிற்கிறது. கம்பங்களின் உச்சியில் இருந்த அலங்காரங்களை அன்றைக்கு அறுத்தெடுத்தார்கள். தடவிப் பார்த்தால் அறுத்த தழும்பு இன்றும் கையில் நெருடும். செருப்பைக் கழற்றினால் தழும்பு விழாது. உறவை அறுத்தால்தான் விழும்.

பகட்டு என்கிறீர்கள். 1649இல் தலை வெட்டப்பட்ட இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸை நினைத்து, ஜனவரி 30 அன்று அமெரிக்கத் தேவாலயங்கள் சிலவற்றில் வழிபாடு நடத்துகிறார்கள். தலை போன மன்னரிடம் என்ன பகட்டு இருக்கிறது?

அமெரிக்காவில் அரசாங்கத்துக்குத் தலைவரும் நாட்டுக்குத் தலைவரும் ஒருவரே. ஏறக்குறைய பாதிப் பேர் அவரை வேண்டாம் என்று வாக்களித்தவர்கள். வீட்டில் துக்கம் விழுந்தால் அவர்கள் யார் முகத்தைப் பார்ப்பார்கள்? பிரிட்டனில் இரண்டாம் எலிசபெத் அரசி எழுபது ஆண்டுகள் இருந்தார். அதற்குள் 14 அதிபர்களை அமெரிக்கா பார்த்துவிட்டது.

2001 செப்டம்பர் 13. இரட்டைக் கோபுரங்கள் விழுந்து இரண்டு நாள். விமானங்கள் இல்லை. ஊர் திரும்ப முடியாத அமெரிக்கர்கள் லண்டனில், பக்கிங்ஹாம் அரண்மனை வேலிக்கு வெளியே நிற்கிறார்கள். காவலர் மாறும் நேரம். அரசியின் உத்தரவுப்படி, வழக்கத்தை மீறி, காவற்படை இசைக்குழு அமெரிக்க நாட்டுப்பண்ணை வாசிக்கிறது. சிவப்புச் சட்டைப் படை, ஐயா! லிட்ச்ஃபீல்டில் பிள்ளைகள் குண்டு வார்த்தது அந்தச் சிவப்புச் சட்டைகளைச் சுடத்தான். அதே சிவப்புச் சட்டைக்காரர்கள் இவர்களுக்காக வாசிக்கிறார்கள். வேலியோரம் நின்றவர்கள் வாய்விட்டு அழுதார்கள்.

அவர்களிடம் போய்ச் செருப்பு என்று சொல்லுங்கள் ஐயா.

நன்றி, வணக்கம்.